ரபாலியேயும் கத்தலீனா திரிகோவும்: நியூ நெதர்லாந்தின் ஒரு முதல் தலைமுறைக் குடும்பம்

நீங்கள் கேட்டவை மூன்று. இன்றைய நியூயார்க் மாநிலம் 'நியூ நெதர்லாந்து' என்ற பெயரில் டச்சுக்காரர் வசம் இருந்த காலத்தில் அங்கே முதலில் குடியேறியவர்களில் ஒருவரான யோரிஸ் யான்சென் ரபாலியே உண்மையிலேயே பிரெஞ்சு உயர்குடியில் பிறந்தவரா என்பது முதல் கேள்வி. அவருடைய மகள் சாராதான் அந்தக் குடியேற்றத்தில் பிறந்த முதல் ஐரோப்பியக் குழந்தையா என்பது இரண்டாவது. அக்குடும்பம் அன்றாடம் எப்படி வாழ்ந்தது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு விடை, 'இல்லை' என்பதே. இரண்டாவதற்கு, பெரும்பாலும் ஆம் என்று சொல்லலாம். அதற்கொரு நிபந்தனை உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன். மூன்றாவதற்குத்தான் நீண்ட பதில் வேண்டியிருக்கிறது. அதில் இறங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பரம்பரை வரைபடங்கள் அனைத்தும் யோரிஸை உச்சியில் வைத்துத் தொடங்கினாலும், இக்குடும்பத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவருடைய மனைவி கத்தலீனா திரிகோ எண்பது வயதைத் தொட்ட பிறகு கொடுத்த வாக்குமூலங்களிலிருந்து வந்தது.

முதலில் ஆம்ஸ்டர்டாம் நகரின் திருமணப் பதிவேட்டைப் பார்ப்போம். 1624 ஜனவரியில் பதிவான ஒரு சிறு குறிப்பு, மணமகன் வலான்சியென் ஊரைச் சேர்ந்தவன், வயது 19, போரட் என்னும் ஒருவகைக் கலப்புத் துணி நெய்யும் தொழிலாளி என்கிறது. மணமகள் பிரிஸ் என்ற ஊரில் பிறந்தவள், வயது 18. பெண்ணுக்குத் துணையாக வந்து நின்றவள் அவளுடைய சகோதரி. பெற்றோர் எவரும் வந்ததாகக் குறிப்பில்லை. இருவருக்கும் பெயரெழுதத் தெரியாது என்பதால் குறியிட்டிருக்கிறார்கள். ஜனவரி 21 அன்று பிரெஞ்சு மொழி பேசும் வல்லோன் சபையின் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. நான்கே நாட்களில், ஜனவரி 25 அன்று, அவர்கள் ஏறியதாகக் கருதப்படும் கப்பல் டெக்ஸல் துறையிலிருந்து புறப்பட்டது. புதுமணத் தம்பதியர் குடித்தனம் தொடங்கியது நடுக்கடலில் என்று சொன்னால் அது மிகையன்று.

இந்தச் சிறு குறிப்பு ஒன்றே உயர்குடிக் கதையை அடித்துச் சாய்த்துவிடுகிறது. பிற்காலக் குடும்ப வரலாறுகளில், 1505இல் பிறந்த காஸ்பார் கோலே தெ ரபாலியே என்ற படைத் தளபதி சமயத் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாடு விட்டு ஓடியதாகவும், அவருடைய வழித்தோன்றலே யோரிஸ் என்றும் எழுதியிருப்பார்கள். வலான்சியென் நகரின் புனித நிக்கோலாஸ் தேவாலயத்தில் 1604 ஏப்ரல் 28 அன்று ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பதிவும், அந்தக் குழந்தை வளர்ந்து ஆம்ஸ்டர்டாமில் நெசவுக் கூலியாக நின்ற பதிவும் கிடைத்த பின்னர் அந்தக் கதையை நம்புவதற்கு இடமில்லை. எழுத்தர்கள் அவர் பெயரைக் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிவைத்தார்கள். அவரோ அதைப் படித்துத் திருத்தக்கூடியவர் அல்லர். பெயரின் நடுவில் ஒரு 'தெ' சேர்ந்துவிட்டால் வம்சமே உயர்ந்துவிடும் என்ற ஆசை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வம் சேர்ந்த அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இருந்தது. இவர்கள் மட்டும் விலக்காக இருப்பானேன்?

'டச்சுக் குடியேறிகள்' என்று நாம் சொல்லும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இவர்கள் இருவரும் டச்சுக்காரர்களே அல்லர். ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த தென் நெதர்லாந்தில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்த வல்லோன் மக்கள். வடக்கே புராட்டஸ்டண்டு ஆட்சி நடந்த டச்சுக் குடியரசில் அடைக்கலமும் பிழைப்பும் தேடி வந்தவர்கள். 1621இல் ஜெஸ்ஸி தெ ஃபாரஸ்ட் என்ற வல்லோன் தலைவர் 56 குடும்பங்களின் சார்பில், வர்ஜீனியாவில் குடியேற அனுமதி கேட்டு ஆங்கிலத் தூதரிடம் விண்ணப்பித்தார். அவர்கள் கேட்ட நிபந்தனைகளுக்கு ஆங்கிலேயர் இசையவில்லை. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்கு, அட்சன் ஆற்றங்கரையில் குடும்பமாக வாழப்போகும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். இந்தக் கம்பெனியை, பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த, நமக்குப் பழக்கமான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1602இல் தொடங்கப்பட்டது. இது வேறு முதலீட்டாளர்களும் வேறு கடல்களும் கொண்டது. மேற்கிந்தியக் கம்பெனி விதித்த நிபந்தனைகள் கடுமையானவை: குடியேறுகிறவர்கள் ஆறு ஆண்டுகளாவது அங்கேயே தங்க வேண்டும்; சொன்ன இடத்தில் குடியிருக்க வேண்டும்; பழங்குடியினரிடம் வாங்கும் தோல்களைக் கம்பெனிக்கே விற்க வேண்டும். வசதி படைத்தவர்கள் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதில்லை. பதினெட்டு வயதிலும் பத்தொன்பது வயதிலும், இழப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள்தான் குறியிட்டிருப்பார்கள்.

இனி கத்தலீனாவின் வாக்குமூலங்கள். இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒன்று 1685 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. மற்றொன்று 1688 அக்டோபர் 17 அன்று, இன்றைய புரூக்ளின் கரையில் வல்லபவுட் குடாவிலிருந்த அவருடைய வீட்டிலேயே வில்லியம் மோரிஸ் என்ற நீதிபதியின் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுத்தது. அதற்குள் நாடு கைமாறி, நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆகிவிட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் ஒரு மூதாட்டியின் பழங்கதையைக் கேட்டு எழுதிக்கொண்டது பாசத்தால் அன்று. டெலவேர் ஆற்றங்கரை யாருக்கு உரியது, ஆல்பனிக்கு மேற்கேயுள்ள பழங்குடி நாடுகளோடு முதலில் உடன்படிக்கை செய்துகொண்டவர்கள் யார் என்ற வழக்குகளில், ஆங்கிலேயர் தங்களுக்கு முன்னிருந்த டச்சுக்காரரின் உரிமையைத் தங்கள் உரிமையாகக் காட்ட வேண்டியிருந்தது. முதல் கப்பலில் வந்தவர்களுள் உயிரோடிருந்து பேசக்கூடிய சாட்சி என்ற வகையில் கத்தலீனா அவர்களுக்குத் தேவைப்பட்டார். எனவே அந்தச் சாட்சியத்தை வாசிக்கும்போது, கேள்வி கேட்டவருக்கு என்ன பதில் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அவர் சொன்னது இதுதான். தாம் வந்த கப்பலின் பெயர் ஒற்றுமை எனப் பொருள்படும் 'ஏன்டிராக்ட்'. அதன் தலைவர் அரியன் யோரிஸ். அது அந்தக் கம்பெனிக்காக வந்த முதல் கப்பல். கூட வந்த பெண்களில் நால்வருக்குக் கடலிலேயே திருமணம் நடந்தது. மன்ஹாட்டனை அடைந்ததும் இரண்டு குடும்பங்களையும் ஆறு ஆண்களையும் கனெக்டிகட் ஆற்றுக்கும், இரண்டு குடும்பங்களையும் எட்டு ஆண்களையும் டெலவேர் ஆற்றுக்கும் அனுப்பினார்கள். எட்டு ஆண்களை மன்ஹாட்டன் பகுதியிலேயே உரிமை காட்டி நிற்க விட்டுச் சென்றார்கள். மற்றவர்கள், ஏறத்தாழ 18 குடும்பங்கள், ஆற்றை எதிர்த்து மேலேறிச் சென்று இன்றைய ஆல்பனியில் ஒரான்யே கோட்டையைக் கட்டினார்கள். பாதி வழியில் ஆழம் போதாமல், முந்தைய ஆண்டு வணிகர்கள் விட்டுப்போன படகுகளில் சரக்கை மாற்றிக் கப்பலின் பாரத்தைக் குறைத்தார்கள். மரப்பட்டையால் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். பல பழங்குடி நாட்டவர் பீவர் தோல்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்து நட்பு உடன்படிக்கை செய்தனர். மூன்றாண்டுகள் தாம் அங்கே இருந்தவரை அவர்கள் 'ஆட்டுக்குட்டிகளைப் போல்' சாதுவாக இருந்தனர்.

படகில் பாரம் மாற்றியது போன்ற நுட்பமான செய்தியை யாரும் புனைந்து சொல்லமாட்டார்கள். ஆனால் ஆண்டைப் பொறுத்தமட்டில் கத்தலீனாவுக்கு நினைவு தவறியிருக்கிறது. தாம் வந்தது 1623 என்று அவர் சத்தியம் செய்தார். திருமணப் பதிவேடோ 1624 ஜனவரியில் அவர் ஆம்ஸ்டர்டாமில் மணமகளாக நின்றார் என்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்து ஓராண்டு பிசகியது பெரிய குற்றமில்லை; ஆயினும், அந்த 1623ஐ அப்படியே ஏற்று எழுதிய பழைய வரலாறுகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அதைவிட வேடிக்கை, 1688ஆம் ஆண்டு ஆவணத்தில் ஆங்கிலேய எழுத்தர் பிரிஸ் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டு 'பாரிஸ்' என்று எழுதிவிட்டது. வல்லோன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த பெண், அந்த ஒரு சொல்லால் பாரிஸ் நகரத்துக்காரி ஆகிவிட்டார். நீங்கள் பார்த்த வரைபடத்தில் பாரிஸ் என்றிருந்தால் அது அங்கிருந்து வந்ததே.

'ஆட்டுக்குட்டிகள்' பற்றி ஒரு வார்த்தை. கத்தலீனா 1626இல் ஆல்பனியை விட்டு மன்ஹாட்டனுக்கு வந்ததாகச் சொல்கிறாரே தவிர, ஏன் வந்தார் என்று சொல்லவில்லை. அந்த ஆண்டில் ஒரான்யே கோட்டையின் தளபதி டேனியல் வான் கிரீக்கன்பேக், மஹிக்கன் மக்களுக்கும் மோஹாக் மக்களுக்கும் நடந்த போரில் நடுநிலை காக்காமல் மஹிக்கன் பக்கம் சேர்ந்து சென்று, கோட்டைக்கு அருகிலேயே தம் ஆட்கள் மூவருடன் கொல்லப்பட்டார். அதன்பின் தலைமை இயக்குநர் பீட்டர் மினூயிட், அங்கிருந்த குடும்பங்களை மன்ஹாட்டனுக்கு இறக்கிக்கொண்டு, கோட்டையில் சில ஆண்களை மட்டும் விட்டுவைத்தார். ஒரு வயதுக் குழந்தையோடு படகேறிய இளந்தாய்க்கு இந்தக் காரணம் தெரியாமலா இருந்திருக்கும்? ஆல்பனிப் பழங்குடியினர் தொடக்கம் முதலே தங்கள் தரப்பின் நண்பர்கள் என்று நிறுவ விரும்பிய அதிகாரிகளுக்கு முன், அந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒருவேளை, சண்டையைத் தொடங்கிவைத்தது கோட்டைத் தளபதியே என்பதால், பழங்குடியினர் மீது குறைசொல்ல ஒன்றுமில்லை என்றுகூட அவர் கருதியிருக்கலாம். நான் இரண்டாவது விளக்கத்தையே சற்று விரும்புகிறேன், நிரூபிக்க முடியாது.

அந்த ஒரு வயதுக் குழந்தைதான் சாரா. 1625 ஜூன் 9 அன்று ஒரான்யே கோட்டையில் பிறந்தாள். நியூ நெதர்லாந்தில் பிறந்த முதல் கிறிஸ்தவ மகள் என்ற தகுதி அவளுக்கு வெறும் பெருமையாக மட்டும் இருக்கவில்லை. 1656இல், ஏழு குழந்தைகளோடு விதவையாக நின்ற சாரா, தம்மை 'இந்த நாட்டில் பிறந்த முதல் கிறிஸ்தவ மகள்' என்று குறிப்பிட்டே அரசிடம் ஒரு புல்வெளி நிலம் கேட்டு விண்ணப்பித்தார். அப்போது அவரைச் சுற்றி அதை மறுக்கக்கூடிய முதியவர்கள் பலர் உயிரோடிருந்தார்கள். மறுத்ததாகச் செய்தி இல்லை. நான் சொன்ன நிபந்தனை 'மகள்' என்ற சொல்லைப் பற்றியது. 1679இல் நியூயார்க்கிற்கு வந்த யாஸ்பர் டான்கார்ட்ஸ் என்ற பயணி, மது வடிக்கும் தொழில் செய்த ஜான் வின்யே என்பவரைச் சந்தித்து, இங்கு ஐரோப்பியருக்குப் பிறந்த முதல் ஆண்மகன் இவரே என்றும் வயது சுமார் 65 என்றும் எழுதிவைத்தார். கணக்குப் பார்த்தால் 1614 வருகிறது. குடும்பங்கள் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் அங்கே வந்து பிள்ளை பெற்றார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. வின்யேயின் பெற்றோரும் அதே வலான்சியென்காரர்கள், 1624 அலையில் வந்தவர்கள் என்றே கொள்வது பொருத்தம். அப்படியானால் அவர் சாராவுக்குச் சில மாதங்கள் முன்போ பின்போ பிறந்திருக்கலாம். ஆகவே 'முதல் மகள்' என்பது உறுதி. 'முதல் குழந்தை' என்பது பெரும்பாலும் சரி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

மன்ஹாட்டனில் அவர்கள் வந்து இறங்கியபோது அது நகரம் அன்று. 1626இல் அங்கிருந்தவர்கள் ஆண், பெண், குழந்தைகள் எல்லாம் சேர்த்து 270 பேர். சுமார் முப்பது வீடுகள், அவையும் மரப்பட்டை வீடுகள். அந்த ஆண்டு நவம்பரில் பீட்டர் ஸ்காகன் என்ற அதிகாரி ஹாலந்து அரசுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தை எல்லாரும் மன்ஹாட்டன் தீவு 60 கில்டர் (டச்சு நாணயம்) மதிப்புள்ள பொருட்களுக்கு வாங்கப்பட்ட செய்திக்காகவே மேற்கோள் காட்டுவார்கள். அதே கடிதத்தில், மே நடுவில் விதைத்த தானியத்தை ஆகஸ்டு நடுவில் அறுத்ததும், 7,246 பீவர் தோல்கள் கப்பலில் வந்ததும் சொல்லப்படுகின்றன. இடையே, பெண்கள் அங்கே குழந்தைகளும் பெற்றிருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. பெயர் சொல்லவில்லை என்றாலும், அந்தப் பெண்களில் ஒருத்தி கத்தலீனா. 1627இல் மரிட்யே, 1629இல் யானட்யே என்று தொடங்கி 1650இல் பிறந்த டேனியல் வரை அவருக்குப் பதினொரு பிள்ளைகள். இருபத்தைந்து ஆண்டுகளில் பதினொரு பேறு. அந்தக் காலத்தில், அந்த இடத்தில், தாயும் அதற்குப் பின் நாற்பதாண்டுகள் உயிரோடிருந்தது பெரிய செய்தி.

குடும்பம் கோட்டையருகே முத்துத் தெருவில், அதாவது இன்றைய பெர்ல் தெருவில், வீட்டுமனை வைத்திருந்தது. ஆனால் செல்வத்தின் அடிப்படை ஆற்றுக்கு அப்பால் இருந்தது. 1637 ஜூனில் யோரிஸ், லெனாபே மக்களின் தலைவர்கள் இருவரிடமிருந்து லாங் தீவின் கரையில் ரின்னெகாகோங்க் என்று அவர்கள் அழைத்த நிலத்தை வாங்கினார். 1643இல் கிடைத்த பட்டயத்தின்படி அதன் பரப்பு டச்சு நில அளவில் 167 மோர்கன், ஏறத்தாழ 335 ஏக்கர். புரூக்ளின் பகுதியில் ஐரோப்பியர் வாங்கிய முதல் நிலங்களுள் இது ஒன்று. இதற்கு முந்தைய ஆண்டில் கோவானஸ் பகுதியில் நடந்த விற்பனைதான் இதற்கு மூத்தது. விற்றவர்கள் நிலத்தைத் தலைமுறைக்கும் கைகழுவிக் கொடுத்ததாக நினைத்தார்களா, அல்லது புதியவர்கள் தங்களோடு சேர்ந்து பயன்படுத்தலாம் என்று இசைந்ததாக நினைத்தார்களா என்பது இத்தகைய எல்லா ஆவணங்களையும் சூழ்ந்த கேள்வி. ஆவணம் டச்சு மொழியில் எழுதப்பட்டது. இரு தரப்பும் குறிதான் இட்டிருக்கின்றன. பத்தொன்பது வயதில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த நெசவாளி, முப்பத்து மூன்று வயதில் 335 ஏக்கருக்கு உரியவரானார் என்பது மட்டும் உண்மை. ஐரோப்பாவில் அவருக்கு அது எந்தப் பிறவியிலும் வாய்த்திராது.

அந்த நிலத்தின் வளைவான குடாக்கரையே வல்லபவுட். வல்லோன்களின் வளைகுடா என்ற பொருள்படும் டச்சுச் சொற்றொடரின் மருவல் அது என்பது பரவலான விளக்கம். அக்குடாவின் எதிர்க்கரையில், கிழக்கு ஆற்றுக்கு அப்பால், மன்ஹாட்டனின் கோர்லியர்ஸ் முனை தெரியும். 1643 பிப்ரவரி 25 இரவில் தலைமை இயக்குநர் வில்லெம் கீஃப்டின் ஆணைப்படி படையினர் இரண்டு இடங்களில் தாக்கினார்கள்: அட்சனின் மேற்குக் கரையிலிருந்த பவோனியாவில் எண்பது பேரையும், கோர்லியர்ஸ் முனையில் நாற்பது பேரையும் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள், வடக்கேயிருந்து எதிரிகளுக்கு அஞ்சி டச்சுக்காரர் அருகில் அடைக்கலம் தேடி வந்த பழங்குடியினர்.

இதில் யோரிஸின் பங்கு என்ன என்று கேட்க வேண்டும். பரம்பரை வரைபடம் போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. 1641 ஆகஸ்டில் கீஃப்ட், ஒரு சக்கரத் தச்சர் கொலையுண்டதற்குப் பழிவாங்கப் போர் தொடுக்கலாமா என்று கேட்பதற்காகக் குடும்பத் தலைவர்களைக் கூட்டியபோது, அவர்கள் தங்களுக்குள் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பன்னிருவரில் யோரிஸ் ஒருவர். பொறுத்திருக்கலாம் என்பதே குழுவின் முதல் விடை. பின்னர், ஆட்சியில் தங்களுக்கும் பேச்சுரிமை வேண்டும் என்று கேட்டதும் கீஃப்ட் குழுவைக் கலைத்தார். ஓராண்டு கழித்துத் தாக்குதலை வேண்டிப் பன்னிருவர் பெயரில் ஒரு மனு எழுந்தது. அதில் ஒப்பமிட்டவர்கள் மூவர் மட்டுமே, யோரிஸ் அவர்களில் இல்லை. அம்மூவரில் யான் டாமன் என்பவர், மேலே சொன்ன ஜான் வின்யேயின் தாயை மறுமணம் செய்தவர் என்பது, அந்த ஊர் எவ்வளவு சிறியது என்பதைக் காட்டும். யோரிஸ் ஒப்பமிடாததை வைத்து அவரை அறத்தின் பக்கம் நிறுத்திவிட முடியாது; ஆற்றுக்கு அப்பால் திறந்த வயலில் நிலமும் மகளும் மருமகனும் இருக்கிற ஒருவர், போரை விரும்பாமலிருக்கப் போதிய காரணம் வைத்திருந்தார் என்ற அளவில் சொல்லலாம்.

பெண்களின் திருமண வயதைப் பார்த்தால் இன்றைய வாசகர் திடுக்கிடுவார். சாராவை 1639 அளவில், பதினான்கு வயதில், ஹான்ஸ் ஹான்சென் பெர்கன் என்ற நார்வே நாட்டுக் கப்பல் தச்சர் மணந்தார். மரிட்யேயின் திருமணம் 1640இல், யானட்யேயின் திருமணம் 1642இல். இருவருக்கும் அப்போது பதின்மூன்று வயது. ஹாலந்தில் அன்று பெண்கள் இருபது வயதைத் தாண்டிய பிறகே மணம் செய்துகொள்வது வழக்கமாயிருந்தது. இங்கே ஆண்கள் மிகுந்து பெண்கள் அருகியிருந்ததே காரணம். மகள்களின் கணவர்கள் நிலத்தோடு நிலமாக வல்லபவுட்டைச் சுற்றிக் குடியேறினார்கள். பெற்றோரின் பண்ணையைச் சுற்றி ஓர் உறவின்முறைக் கிராமமே முளைத்தது.

1650களின் நடுவில் யோரிஸ் மன்ஹாட்டன் மனையை விற்றுவிட்டுப் புரூக்ளின் பக்கமே வந்துவிட்டார். 1655 முதல் பல ஆண்டுகள் அவ்வூரின் நீதிமன்ற உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படித் தீர்ப்புச் சொன்னார் என்று வியக்க வேண்டியதில்லை. வழக்குகள் வேலி, மாடு, கடன், வசைச்சொல் பற்றியவை. எழுதுவதற்குத் தனியே எழுத்தர் இருந்தார். தேவைப்பட்டது ஊரும் நிலமும் அறிந்த ஒருவரின் சொல். 1660இல் அங்கு வந்த போதகர் ஹென்ரிகஸ் செலைன்ஸ், புரூக்ளினில் 31 குடும்பத் தலைவர்களும் மொத்தம் 134 பேரும் இருப்பதாக எழுதினார். அந்த 134 பேரில் ரபாலியேயின் பிள்ளைகளும் பேரர்களும் மருமக்களும் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால், ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய உறவு என்று தோன்றும். யோரிஸ் 1663 தொடக்கத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்று, அப்போதைய டச்சுத் தலைமை இயக்குநர் ஸ்டைவெசன்ட் குடியேற்றத்தை ஒப்படைத்தார்.

கத்தலீனா அதன் பின்னும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் தம் பிறந்த வீட்டுப் பெயரான திரிகோ என்பதையே இறுதிவரை வைத்திருந்தது தனிப்பட்ட பிடிவாதம் அன்று. டச்சு வழக்கத்தில் பெண் மணமானபின் கணவனின் பெயரை ஏற்பதில்லை. அங்கே கணவன் மனைவி உடைமை பொதுவானது. ஒருவர் இறந்தால் மற்றவர் பாதிக்கு உரியவர். பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிப் பங்கு. 1664 ஒப்படைப்பின் நிபந்தனைகளில், டச்சுக்காரர் தங்கள் வாரிசுரிமை வழக்கத்தைத் தொடரலாம் என்று ஒரு பிரிவு தெளிவாகச் சேர்க்கப்பட்டது. ஆங்கிலேயச் சட்டம் மட்டும் அன்று அப்படியே இறங்கியிருந்தால், விதவையின் நிலை வேறாக இருந்திருக்கும். அவருடைய சொந்தப் பெயரே ஆவணங்களிலிருந்து மறைந்திருக்கும், நாமும் இன்று 'யோரிஸின் விதவை' என்றுதான் பேசிக்கொண்டிருப்போம்.

1680 மே மாத இறுதியில் மேலே குறிப்பிட்ட டான்கார்ட்ஸ் வல்லபவுட்டுக்குப் படகில் சென்று அவரைப் பார்த்தார். லபாதியர் என்ற கடுநோன்புச் சமயக் குழுவைச் சேர்ந்த டான்கார்ட்ஸ் எளிதில் யாரையும் மெச்சமாட்டார். எழுபத்து நான்கு வயதான இந்த வல்லோன் மூதாட்டி உலகப் பற்று மிக்கவர், உடலும் உள்ளமும் தம் வழித்தோன்றல்களிடமே வைத்து வாழ்கிறார் என்று குறைசொல்லும் தொனியில் எழுதினார். அந்த வழித்தோன்றல்களின் எண்ணிக்கை 145 என்றும், விரைவில் 150 ஆகிவிடும் என்றும் கணக்கும் சேர்த்தார். அத்தனை பேர் இருந்தும் அவர் எவர் வீட்டிலும் ஒண்டியிருக்காமல், சற்றுத் தள்ளித் தமக்கென ஒரு சிறு தோட்டம் போட்டுக்கொண்டு தனியே வாழ்ந்தார். டான்கார்ட்ஸ் குற்றமாகச் சொன்னதைப் பேரன் பேத்தி கண்டவர்கள் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன். 1689 செப்டம்பர் 11 அன்று கத்தலீனா இறந்தார்.

அவருடைய வழித்தோன்றல்கள் இன்று பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களைத் தேடும்போது ரபாலியே என்ற பெயரை மட்டும் தேடினால் பெரும்பாலானோர் தப்பிவிடுவார்கள். நாம் தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்வதைப் போல, அவர்களும் தந்தையின் பெயரையே தம் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள்; நிலையான குடும்பப் பெயர் பின்னால் வந்தது. சாராவின் முதல் கணவர் ஹான்ஸ் ஹான்சென், அதாவது ஹான்ஸின் மகன் ஹான்ஸ். அவர் பிறந்த ஊரான பெர்கன் பிள்ளைகளின் குடும்பப் பெயரானது. அவர் இறந்தபின் சாரா மணந்த டியூனிஸ் கைஸ்பெர்ட்சென் போகார்ட்டின் பிள்ளைகள் போகார்ட் ஆனார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குலமாகிவிட்டனர். யானட்யேயை மணந்தவர் ரெம் யான்சென் வான் டெர் பேக் என்ற கொல்லர். அவருடைய பிள்ளைகள் வான் டெர் பேக் என்பதைக் கைவிட்டு, ரெம்மின் மக்கள் என்ற பொருளில் ரெம்சென் என்று பெயர் கொண்டார்கள். புரூக்ளினில் இன்றும் ரெம்சென் தெரு இருக்கிறது.

நிலத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் லாங் தீவின் மேற்குப் பகுதியிலிருந்த டச்சு மரபுப் பண்ணைகள் பெருமளவு அடிமைகளின் உழைப்பில் இயங்கின. நியூயார்க்கில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1827இல்தான். அமெரிக்கப் புரட்சியின்போது புரூக்ளினில் பெருநிலம் வைத்திருந்த ஜான் ரபாலியே பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்றார். போர் முடிந்ததும் அவருடைய நிலம் பறிமுதல் செய்யப்பட்டு விற்கப்பட்டது. அதே போரின்போது வல்லபவுட் குடாவில் பிரிட்டிஷார் பழைய கப்பல்களைச் சிறையாக்கி நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் மாண்டவர்கள் 11,500 பேர் என்று மதிப்பிடப்படுகிறது, பலரைக் குடாக்கரை மணலிலேயே புதைத்தார்கள். 1801இல் அமெரிக்க அரசு அந்தக் கரையை வாங்கிக் கப்பற்படைத் தளம் அமைத்தது. 1966இல் மூடப்பட்ட அந்தத் தளம் இன்று தொழிற்கூடங்கள் நிறைந்த வளாகமாக இருக்கிறது. கத்தலீனா தோட்டம் போட்டிருந்தது அந்தக் குடாக்கரையில்தான்.